முக்கியக் கனிமப் பட்டியல்: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

சுரங்க ஏல ஆவணங்களைப் படித்து அறிக்கை எழுதுவது என் வேலை. போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஒருவரின் அறிக்கையைத் திருத்த உட்கார்ந்தேன். இரண்டாம் பக்கத்திலேயே 2023-இல் நான் செய்த அதே தவறு. அலகு மாறுவது, கூட்டல் பிசகுவது எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். கீழே உள்ளவை அப்படிச் சரியாவதில்லை.

‘அரிய’ என்ற சொல்லை நம்புவது

செய்திகளில் ‘அரிய கனிமங்கள்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு கனிமத்தை ‘முக்கியக் கனிமம்’ என்று பட்டியலில் சேர்க்க அரசு பார்ப்பது பொருளாதாரத்துக்கு அது எவ்வளவு தேவை, வரத்து தடைப்பட எவ்வளவு வாய்ப்பு என்பதைத்தான். அதனால்தான் செம்பும் பாஸ்பரஸும் பட்டியலில் உண்டு, தங்கம் இல்லை.

30-ஐயும் 24-ஐயும் ஒன்றாக்குவது

2023 ஜூனில் சுரங்க அமைச்சகம் வெளியிட்ட 30 கனிமங்களின் பட்டியல், ஒரு குழு பரிந்துரைத்த கொள்கைப் பட்டியல். ஆகஸ்டில் சுரங்கச் சட்டத்தைத் திருத்தி, முதல் அட்டவணையில் ‘டி’ பகுதியைச் சேர்த்தபோது அதில் இருந்தவை 24. ‘டி’ பகுதிக் கனிமங்களுக்குத்தான் சுரங்கக் குத்தகையை மத்திய அரசே ஏலம் விடும். வருவாய் மாநிலத்துக்குப் போகும்.

நான் அப்போது ஏலத்துக்கு வந்த ஒரு செம்புச் சுரங்கத் தொகுதிக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். 30-இல் செம்பு இருக்கிறது, எனவே ஏலம் மத்திய அரசுடையது என்று முடிவுகட்டி ஆறு வாரம் உழைத்தேன். கூட்டத்தில் வாடிக்கையாளரின் வழக்கறிஞர் சட்டப் புத்தகத்தைத் திறந்து, ‘டி’ பகுதியில் விரலை வைத்து மேலிருந்து கீழே ஓட்டினார். “செம்பு எங்க சார் இருக்கு?” என்றார். ஏலம் மாநில அரசுடையது; அது வைத்திருந்த கெடு அதற்குள் முடிந்துவிட்டது. இன்றும் நினைத்தால் வயிறு எரிகிறது.

செம்பு, சிலிக்கான், ஜெர்மானியம், ஆன்டிமனி, பிஸ்மத், ஹாஃப்னியம், ஸ்ட்ரான்ஷியம் ஆகிய ஏழும் 30-இல் உண்டு; அந்த 24-இல் இல்லை. கிளாகோனைட் 24-இல் உண்டு. 30-இல் அதற்குத் தனிப் பெயர் இல்லை. போதாததற்கு, கனிமம் தேடுவதற்கான ஆய்வு உரிமத்துக்கென அதே சட்டத்தில் ஏழாம் அட்டவணை தனியாக இருக்கிறது. அதில் செம்பும் தங்கமும்கூட வருகின்றன. ஆக, கேட்க வேண்டியது ‘இது முக்கியக் கனிமமா’ என்பதல்ல, ‘எந்த அட்டவணையில், எந்தப் பகுதியில்’ என்பது.

கடற்கரை மணலை மறப்பது

டைட்டானியத் தாதுவான இல்மனைட் ‘டி’ பகுதியில் இருக்கிறது. ஆனால் கடற்கரை மணலிலோ தேரியிலோ (செம்மணல் மேடு) கிடைக்கும் இல்மனைட், அணுக் கனிமங்களுக்கான ‘பி’ பகுதியில் வருகிறது. தேரி என்ற நம் சொல் ஆங்கிலச் சட்ட வாசகத்தில் அப்படியே நிற்கிறது. அதைப் பார்த்த பிறகும் தாண்டிப் போகாதீர்கள்.

தாதுவை உலோகமாகப் படிப்பது

ஜம்மு காஷ்மீரின் ரியாசியில் இருப்பதாகச் சொல்லப்படும் 59 லட்சம் டன் என்பது லித்தியத் தாது, லித்தியம் அல்ல.

தேதி போடாத பட்டியல்

முதல் அட்டவணையில் கனிமத்தைச் சேர்க்கவோ நீக்கவோ மத்திய அரசுக்கு ஓர் அறிவிக்கை போதும். எந்த நாள் நிலவரப்படி எழுதினீர்கள் என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே போடுங்கள்.