பழைய அமிகாவுக்கு மினுக்கம் குறைந்த மானிட்டரை மலிவாகத் தேடும் முறை

பினாங்கு லோரோங் கூலிட் சந்தைக்கோ கோலாலம்பூர் ஜாலான் பாசார் கடைகளுக்கோ மானிட்டர் தேடிச் செல்வதற்கு முன், மினுக்கத்தின் காரணத்தை அறிந்துகொள்வது பணத்தை மிச்சப்படுத்தும். பால் (PAL) தொலைக்காட்சி முறையில் இயங்கும் கமடோர் நிறுவனத்தின் பழைய கணினியான அமிகா 500, 512 கோடுகள் கொண்ட காட்சியில் ஒற்றைப்படைக் கோடுகளையும் இரட்டைப்படைக் கோடுகளையும் மாறி மாறி அனுப்புவதால், ஒவ்வொரு கோடும் விநாடிக்கு 25 முறை மட்டுமே புதுப்பிக்கப்படுகிறது. மெல்லிய கிடைக்கோடுகள் துடிப்பது அதனால்தான்.

ஆகவே அமிகாவின் 15 கிலோஹெர்ட்ஸ் கிடை அதிர்வெண்ணை (விநாடிக்கு வரையும் கோடுகளின் எண்ணிக்கை) ஏற்கும் மல்ட்டிசிங்க், அதாவது பல அதிர்வெண்களுக்கு ஒத்துப்போகும், படக்குழாய் மானிட்டர் கிடைத்தாலும் மினுக்கம் தீராது. வந்த சமிக்ஞையை அது அப்படியே வரைந்துவிடும். (விற்பவர் இதைச் சொல்லமாட்டார்.) படத்தைத் தாங்கி நிற்கும் பழைய 4:3 எல்சிடி திரையே ஏற்றது. அதன் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, கையேட்டில் கிடை அதிர்வெண் வரம்பைப் பாருங்கள். பெரும்பாலானவை 30 அல்லது 31 கிலோஹெர்ட்ஸில்தான் தொடங்கும், அமிகாவோ 15.6 கிலோஹெர்ட்ஸில் அனுப்புகிறது. பென்க்யூ பிஎல்702ஏ அதை ஏற்கும் அரிய மாடல்களுள் ஒன்று. அமிகாவின் 23 முனை வீடியோ இணைப்பியை, திரையின் விஜிஏ (VGA) எனும் கணினித் திரை இணைப்புடன் பொருத்த ஒரு மாற்றியும் தேவைப்படும்.

அத்தகைய திரை அகப்படாவிட்டால், எந்த விஜிஏ திரையுடனும் ஜிபிஎஸ்-8200 மாற்றுப் பலகையைப் பொருத்தலாம். அதனுடன் ஜிபிஎஸ்-கன்ட்ரோல் மென்பொருள் ஏற்றிய சிறு கட்டுப்பாட்டுப் பலகையைச் சேர்த்தால், மாறி மாறி வரும் இரு கோட்டுத் தொகுதிகளையும் அசைவுக்கேற்ப இணைத்துக் காட்டும். வாங்கும்வரை, பின்னணிக்கும் எழுத்துக்கும் அதிக வேறுபாடில்லாத சாம்பல் நிறங்களை அமைத்துக்கொள்ளுங்கள். செலவின்றியே துடிப்பு வெகுவாக அடங்கும்.