நியூரல் நெட்வொர்க்கைத் தாளில் போட்டுப் பாருங்கள்

நியூரல் நெட்வொர்க் (உதாரணங்களைப் பார்த்துக் கற்கும் கணினி அமைப்பு) எப்படிக் கற்கிறது என்று புரிந்துகொள்ள கணினியே வேண்டாம். பென்சிலும் தாளும் போதும். கேள்வி: குடை எடுக்கலாமா? மேகம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. காற்றுக்கும் அப்படியே. இரண்டுக்கும் எடை (அது எவ்வளவு முக்கியம் என்று காட்டும் எண்) 1 என்று வைத்துப் பெருக்கிக் கூட்டுங்கள். 2 அல்லது அதற்கு மேல் வந்தால் குடை.

மேகம் மட்டும் இருந்த நாளில் கூட்டல் 1தான், குடை இல்லை. ஆனால் மழை கொட்டிவிட்டது! சரி, மேகத்தின் எடையை 2 ஆக்குங்கள். காற்று அன்று 0, அதன் எடையைத் தொடாதீர்கள். வீணாகக் குடை எடுத்த நாளில், 1 ஆக இருந்தவற்றின் எடையைக் குறையுங்கள். பயிற்சி என்பது இந்தத் திருத்தம்தான். அமெரிக்க உளவியலாளர் ஃபிராங்க் ரோசன்பிளாட்டின் பெர்செப்ட்ரான் என்ற ஆரம்பகால நியூரல் நெட்வொர்க்கும் (1958) இந்த வகைதான்.

அப்புறம், சில நாள்களின் விவரத்தைத் திருத்தத்துக்குப் பயன்படுத்தாமல் தனியே வையுங்கள், கடைசியில் சோதித்துப் பார்க்க.