கரு தரித்த நாளைக் கணக்கிடுவது எப்படி?

நாள் தள்ளிப்போய், வீட்டிலேயே டெஸ்ட் செய்து இரண்டு கோடும் பார்த்தாகிவிட்டது. கரு எந்த நாளில் தரித்திருக்கும் என்று அடுத்து மனம் கணக்குப் போட ஆரம்பிக்கும். ஒரு காலண்டரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘இந்தத் தேதிதான்’ என்று அடித்துச் சொல்ல முடியாது. மாதவிலக்கு ஓரளவு ஒழுங்காக வருபவர்கள் சில நாட்களுக்குள் அடக்கிவிடலாம்.

படி 1: கடைசி மாதவிலக்கின் முதல் நாளைக் குறியுங்கள்

ஆஸ்பத்திரிச் சீட்டில் எல்எம்பி என்று எழுதுவது இதைத்தான். ரத்தப்போக்கு தொடங்கிய நாள் வேண்டும், முடிந்த நாள் அல்ல. "கடைசியா எப்பம்மா தலைக்குக் குளிச்ச?" என்று கேட்டால் பலரும் குளித்த தேதியையே சொல்லிவிடுவார்கள். அது மூன்றாம் நாளாகவோ ஐந்தாம் நாளாகவோ இருக்கும். கணக்கு அங்கேயே இரண்டு, நான்கு நாள் நகர்ந்துவிடும். இன்னொன்று, கடைசியாக வந்தது வழக்கத்தைவிட ரொம்பக் குறைவாகப் பட்டிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அது மாதவிலக்காக இல்லாமல், கரு தரித்த பிறகு பட்ட ரத்தமாகவும் இருக்கலாம். அப்படியானால் அதற்கு முந்தைய மாதத்துத் தேதிதான் கணக்கில் வரும்.

படி 2: உங்கள் சுழற்சி எத்தனை நாள்?

ஒரு மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து அடுத்ததன் முதல் நாள் வரை எண்ணுங்கள். அதில் 14-ஐக் கழியுங்கள். கருமுட்டை வெளிவந்த பிறகு அடுத்த மாதவிலக்கு வரை ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். பெரும்பாலானவர்களுக்கு இது அவ்வளவாக மாறாது. கூடுவதும் குறைவதும் அதற்கு முந்தைய பாதிதான். அதனால்தான் எல்லோருக்கும் ‘பதினாலாம் நாள்’ என்று பொதுவாகச் சொல்வது சரிப்படாது.

எல்எம்பி ஜனவரி 5, சுழற்சி 34 நாள் என்று வைத்துக்கொள்வோம். 34-லிருந்து 14 போனால் 20. ஜனவரி 5-உடன் 20 நாள் கூட்டினால் ஜனவரி 25. கருமுட்டை வெளிவந்திருக்கக்கூடிய நாள் அது. 28 நாள் சுழற்சிக்காரருக்கு இதே எல்எம்பியில் ஜனவரி 19 வந்திருக்கும்.

படி 3: ஒரு நாளை ஆறு நாளாக விரியுங்கள்

கருமுட்டை ஒரு நாளுக்கு மேல் தாங்காது. விந்தணுவோ உடலுக்குள் ஐந்து நாள் வரைகூட உயிரோடு இருக்கும். ஆகவே நம் உதாரணத்தில் ஜனவரி 20 முதல் 25 வரை எந்த நாள் சேர்ந்திருந்தாலும் கரு தரித்திருக்கலாம். கணவர் வளைகுடாவிலிருந்து லீவில் வந்து 22-ஆம் தேதி கிளம்பிவிட்டார், கரு 25-ஆம் தேதி உண்டானது என்றால் அதில் குழப்பம் ஒன்றுமில்லை.

படி 4: முதல் ஸ்கேனோடு ஒப்பிடுங்கள்

7 முதல் 13 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேன்தான் தேதிக்கு நம்பகமானது. சிசுவின் தலை உச்சியிலிருந்து பிட்டம் வரை மில்லிமீட்டரில் அளந்து வயதைச் சொல்வார்கள். அந்த வயதிலிருந்து இரண்டு வாரத்தைக் கழியுங்கள். மார்ச் 8 அன்று எடுத்த ஸ்கேனில் 8 வாரம் என்றால், கரு உண்டாகி 6 வாரம், அதாவது 42 நாள். (பிப்ரவரி 28 நாள் உள்ள வருடமாக வைத்துப்) பின்னால் எண்ணினால் ஜனவரி 25. இரண்டு கணக்கும் ஒத்துப்போகின்றன.

அந்த இரண்டு வாரத்தை ஏன் கழிக்கிறோம்? மருத்துவர்கள் கர்ப்பத்தின் வயதை எல்எம்பியிலிருந்தே எண்ணுகிறார்கள்; கரு உண்டாகாத முதல் இரண்டு வாரமும் அதில் சேர்ந்திருக்கும். இது தெரியாமல் புதுமணத் தம்பதியர் வீட்டில் எத்தனை சங்கடம்! கல்யாணமாகி நாலு வாரம்தான் ஆகிறது, ரிப்போர்ட்டில் ஆறு வாரம் என்று போட்டிருக்கிறது என்றதும் விரல் மடக்கி எண்ணும் பெரியவர்கள் இருக்கிறார்கள். ஆறில் இரண்டைக் கழித்தால் நாலு. அவ்வளவுதான் விஷயம்.

எல்எம்பிக் கணக்கும் ஸ்கேனும் ஓரிரு நாள் முன்பின் இருந்தால் விட்டுவிடலாம். எல்எம்பிப்படி 9 வாரம் முடியாதபோது 5 நாளுக்கு மேலும், அதன்பின் 13 வாரம் வரை 7 நாளுக்கு மேலும் வித்தியாசம் வந்தால் ஸ்கேன் தேதியையே எடுத்துக்கொள்வது வழக்கம். நம் உதாரணத்தில் எல்எம்பிப்படி 8 வாரம் 6 நாள், ஸ்கேனில் 8 வாரம் (சுழற்சி 28 நாள் இல்லாமல் 34 நாள் என்பதால் கருமுட்டை தாமதமாக வெளிவந்ததே இந்த வித்தியாசத்துக்குக் காரணம்). இடைவெளி 6 நாள் என்பதால் ஸ்கேன் தேதிதான் நிற்கும். பிரசவத் தேதியும் அக்டோபர் 12-லிருந்து 18-க்குப் போகும். ஐந்தாம் மாதம், எட்டாம் மாத ஸ்கேன்களில் வேறு வேறு தேதி அச்சாகி வரும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். சிசு வளர வளர ஒன்றுக்கொன்று அளவு மாறுபடுவதால் அவை தேதிக்கு அவ்வளவு உதவாது. முதல் ஸ்கேனில் முடிவான தேதியே கடைசி வரை.

யாருக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது?

பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருப்பவர்கள், தாய்ப்பால் கொடுப்பவர்கள், இப்போதுதான் கருத்தடை மாத்திரையை நிறுத்தியவர்கள் படி 2-ஐ நம்ப வேண்டாம். நேராக ஸ்கேனுக்குப் போங்கள். ஐவிஎஃப் சிகிச்சையில் கணக்கே தேவையில்லை, கருமுட்டையையும் விந்தணுவையும் லேபில் சேர்த்த நாள்தான் கரு உண்டான நாள். இன்னாருடைய குழந்தையா என்ற சந்தேகத்துக்கும் இது விடை தராது. சில நாள் இடைவெளியைத் தேதி வைத்துப் பிரிக்க முடியாது, அதற்கு டிஎன்ஏ பரிசோதனைதான் வழி.