.308 வின்செஸ்டருக்கு எந்த ரீசைசிங் டை வாங்குவது?

.308 வின்செஸ்டர் ஒரு ரைஃபிள் தோட்டா. தோட்டா சுடப்பட்டதும் அதன் பித்தளை உறை அழுத்தத்தில் ஊதி, துப்பாக்கிச் சேம்பரின் (தோட்டா அமரும் அறை) அளவுக்கு வந்துவிடும். அதைக் குறுக்கி மறுபடி உபயோகிக்க வைப்பதுதான் ரீசைசிங் டை. இங்கே சொல்வது அமெரிக்காவில் வீட்டில் தோட்டா நிரப்புவோருக்கு. இந்தியாவில் உரிமமின்றி இதைச் செய்வது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம்.

முதலில் வகை. நெக் டை கழுத்தை மட்டும் குறுக்கும். மூன்று நான்கு முறை சுட்டபின் போல்ட்டை (சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் பாகம்) மூடவே சிரமமாகிவிடும். ஃபுல் லெங்த் டை உடல், தோள் (உடல் கழுத்தாகக் குறுகும் சரிவு), கழுத்து மூன்றையும் சரிசெய்யும். புதியவர்கள் தயங்காமல் இதையே வாங்குங்கள். செமி ஆட்டோவில் ஃபுல் லெங்த் செய்த உறையும் சேம்பருக்குள் சரியாக இறங்கவில்லை என்றால் மட்டும், உடலின் அடிப்பகுதியை இன்னும் கொஞ்சம் குறுக்கும் ஸ்மால் பேஸ் டை. புஷிங் டையில் கழுத்தைக் குறுக்குவது மாற்றக்கூடிய ஒரு வளையம் (புஷிங்). அதன் அளவுக்கு, குண்டு பொருத்திய தோட்டாவின் கழுத்தை அளந்து 0.002 அங்குலம் கழியுங்கள்: 0.336 என்றால் 0.334 புஷிங். மிகக் கடினமான கார்பைடில் செய்த ரைஃபிள் டைக்கும் லூப் (உறையில் தடவும் மசகு) தேவை.

நல்ல டையும் தப்பாகப் பொருத்தினால் உறையைக் கெடுக்கும். அதனால் பொருத்துவதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும்.

1. சுட்ட ஐந்து உறைகளின் பிரைமரை (அடியிலுள்ள தீப்பொறி மூடி) நீக்கிவிட்டு, அடியிலிருந்து தோள் வரை கம்பேரட்டரால் (காலிப்பரில் மாட்டும் அளவுத் துணைக்கருவி) அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

2. பிரஸ்ஸின் ராமை (உறையை டைக்குள் தூக்கும் தண்டு) மேலே ஏற்றி, ஷெல் ஹோல்டரை (உறையின் அடியைப் பிடிக்கும் பாகம்) தொடும் வரை டையைத் திருகி, ஒரு முழுச்சுற்று பின்வாங்குங்கள்.

3. உடலில் மெல்லிசாக லூப் தடவி, கழுத்தின் உள்ளேயும் கொஞ்சம் தொட்டுவைத்து அழுத்துங்கள். துடைத்து அளங்கள். அளவு குறைவதற்குப் பதில் கூடியிருக்கலாம். உடல் இறுகும்போது தோள் முன்னே தள்ளப்படுவதே காரணம்; டை பழுது இல்லை.

4. டையைத் துளித்துளியாக இறக்குங்கள். 7/8-14 மரையில் 0.002 அங்குலம் என்பது வெறும் 10 டிகிரி திருப்பு. சுட்ட அளவைவிட 0.002 குறைந்ததும் நிறுத்துங்கள். செமி ஆட்டோவுக்கு 0.003 முதல் 0.004. உறை டைக்குள் இருக்கும்போதே டையை நகராமல் பிடிக்கும் லாக் ரிங்கை இறுக்குங்கள்.

கடைசியில் உறையின் மொத்த நீளத்தைப் பாருங்கள். 2.015 அங்குலத்தைத் தாண்டினால் 2.005-க்கு வெட்டவேண்டும். நீண்ட கழுத்து சேம்பர் முனையில் நெருக்குண்டு குண்டைப் பிடித்துக்கொண்டால் அழுத்தம் ஆபத்தாக ஏறும்.

தோளில் லூப் அதிகமானால் பள்ளம் விழும். குறைந்தால் உறை டைக்குள் சிக்கும். சிக்கினால் லீவரை அடித்து இழுக்காதீர்கள். அடியில் துளையிட்டு மரை வெட்டி, திருகாணி போட்டு இழுக்கும் கருவி கிடைக்கிறது.

தோளை அதிகம் பின்னே தள்ளிவிட்டால் ஒவ்வொரு முறை சுடும்போதும் அடிப்பகுதிக்குச் சற்று மேலே பித்தளை இழுபட்டு மெலியும். வெளியே பளபளவென்று ஒரு வளையம் தெரியும். நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டு, சுவரோடு தடவி மேலே இழுங்கள். ஒரு பள்ளத்தில் நுனி இடறினால் அந்த உறையை இடுக்கியால் நசுக்கிக் குப்பையில் போட்டுவிடுங்கள்.