மொழியியலும் ஒப்பிலக்கியமும் படிக்கக் கல்லூரி தேடுகிறீர்களா?

கல்லூரியின் பெயரைப் பார்க்கும் முன் பாடத்திட்டத்தைத் திறந்து பாருங்கள். ஒலியியல் (பேச்சொலிகள்), ஒலியனியல் (ஒரு மொழிக்குள் ஒலிகள் இயங்கும் முறை), உருபனியல் (சொல்லமைப்பு), தொடரியல் (வாக்கிய அமைப்பு), பொருண்மையியல் (பொருள்) ஆகியவை தனித்தனித் தாள்களாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் 'மொழியியல் அறிமுகம்' என்ற ஒரே தாளில் அடைத்திருந்தால், அது பெயரளவுக்கு மொழியியல்தான். களப்பணித் தாள் இருந்தால் ரொம்ப நல்லது. உங்களுக்குக் கொஞ்சமும் தெரியாத ஒரு மொழியைப் பேசுபவரோடு உட்கார்ந்து, சொல் சொல்லாகக் கேட்டு, பன்னாட்டு ஒலியியல் நெடுங்கணக்கில் (எந்த மொழியின் ஒலியையும் எழுத உதவும் பொதுக் குறியீடுகள்) குறித்துக்கொண்டு, அதன் இலக்கணத்தை நீங்களே கண்டெடுக்கும் பயிற்சி அது. வகுப்பறைப் பாடம் மட்டும் அதைத் தந்துவிடாது.

ஒப்பிலக்கியத்துக்கு, அதாவது வெவ்வேறு மொழி இலக்கியங்களை ஒப்பிட்டுப் படிக்கும் துறைக்கு, என் முதல் கேள்வி இதுதான்: நூல்களை மூலமொழியில் படிக்க வைக்கிறார்களா, மொழிபெயர்ப்போடு முடித்துவிடுகிறார்களா? குறைந்தது இரண்டு மொழிகளில் நேரடியாக வாசிக்க முடியாமல் இந்தத் துறையில் மேலே போவது கடினம். அதனால் என்னென்ன மொழிகள் கற்றுத்தருகிறார்கள், எந்த நிலை வரை என்று விசாரியுங்கள். தொடக்க நிலையோடு நிறுத்திவிட்டால், கடைக்குப் போய் விலை கேட்கலாம்; ஒரு நாவலைப் படிக்க முடியாது.

அப்புறம், கையேட்டில் இருக்கும் விருப்பத்தாள்கள் எல்லாம் ஆண்டுதோறும் நடப்பதில்லை. சென்ற ஆண்டு உண்மையில் நடந்தவை எவை என்று மூத்த மாணவர்களிடம் கேளுங்கள். மொழியியலும் ஒப்பிலக்கியமும் தனித்தனித் துறைகள் என்றால் வகுப்பு நேரங்கள் மோதுகின்றனவா, இறுதி ஆய்வேட்டுக்கு இரு துறை ஆசிரியர்களும் சேர்ந்து வழிகாட்டுவார்களா என்பதையும் சேர்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.