பாத்தி ஓரத்தில் ஒரு சாண் பூ

சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகம் வாடகைக்கு விடும் தோட்டப் பாத்தி ஒன்றின் அளவு 2.5 மீட்டருக்கு 1 மீட்டர். அந்தச் சிறிய இடத்தில் வெண்டையும் பயற்றங்காயும் கீரையும் போட நினைப்பவரிடம் ஒரு சாண் அகலத்தைப் பூவுக்கு விடுங்கள் என்றால் தயங்குவார். ஆனாலும் நான் அதையே வலியுறுத்துவேன். செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினியையும் இலைப்புழுவையும் அழிக்கும் பூச்சிகள் நம் பாத்தியில் தங்க வேண்டுமானால், அவற்றுக்கும் அங்கே உணவு இருக்க வேண்டும்.

பூக்களை நாடிவரும் சிர்ஃபிட் ஈயின் புழு அசுவினியைத் தின்கிறது. தாய் ஈயோ தேனையும் மகரந்தத்தையும் உண்டு வாழ்கிறது, மகரந்தம் கிடைத்தால்தான் அதன் முட்டைகள் முதிர்கின்றன. பூச்சிகளின் உடலில் முட்டையிடும் ஒட்டுண்ணிக் குளவிகளும் தேன் இல்லாவிட்டால் சில நாள்களிலேயே மடிந்துவிடும். தாய்லாந்து, சீனா, வியட்நாம் ஆகிய நாடுகளின் நெல்வயல்களைச் சுற்றித் தேன்தரும் செடிகளை வளர்த்து 4 ஆண்டுகள் நடத்திய ஆய்வு 2016-இல் வெளியானது. அவ்வயல்களில் பூச்சிக்கொல்லி தெளிப்பு 70 விழுக்காடு குறைந்தது, மகசூல் 5 விழுக்காடு கூடியது. வயலின் கணக்கைப் பாத்திக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் அடிப்படை ஒன்றுதான்.

எந்தப் பூ என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். இக்குளவிகளின் வாய் மிகக் குட்டையானது. விருட்சியின் நீண்ட குழலுக்குள் இருக்கும் தேன் அவற்றுக்கு எட்டாது, அடுக்குச் செண்டுமல்லியின் இதழ் நெரிசலிலும் நுழைய முடியாது. கொத்தமல்லி, சோம்பு, சதகுப்பை போன்று குடைவிரித்த சிறு பூக்களே மிகச் சிறந்தவை. அவற்றோடு திருநீற்றுப்பச்சையும் ஒற்றை அடுக்குக் காஸ்மாஸும் இருந்தால் போதும். தேக்கா சந்தையில் வாங்கும் முழுக் கொத்தமல்லியை இலேசாக நசுக்கி, இரண்டாகப் பிளந்து, ஓர் இரவு ஊறவைத்து விதைக்கலாம். நம் ஊர் வெப்பத்தில் கொத்தமல்லி விரைவில் பூத்துவிடுகிறது என்பது சமையலுக்குக் குறை. இந்த வேலைக்கு அதுவே வசதி. பூத்ததும் பிடுங்கிவிடாதீர்கள்.

எல்லா விதையையும் ஒரே நாளில் போடாமல், மூன்று வாரத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாக விதையுங்கள். பூ இல்லாத வாரத்தில் வந்தவை போய்விடும். காஸ்மாஸ் உயரமாக வளர்வதால் அதைக் கீரைமேல் நிழல் விழாத மூலையில் வையுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் தாழ்வாரத்தில் தொட்டி வைப்பவர்கள் நடைபாதைக்கு 1.2 மீட்டர் விடவும், தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்காமல் பார்க்கவும் வேண்டும். ஏடிஸ் கொசுவுக்கு அந்தத் தண்ணீரே போதும்.

பிறகு தேவைப்படுவது பொறுமை. வெண்டை இலையின் அடியில் அசுவினியைக் கண்டதும் மருந்தடித்தால், வந்து சேர்ந்த நண்பர்களும் அழிவார்கள். வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் இதற்கு விலக்கல்ல. முதலில் இலையைத் திருப்பி உற்றுப் பாருங்கள். அசுவினிக் கூட்டத்தின் நடுவே சில மட்டும் உப்பி, காய்ந்த காகிதம்போலப் பழுப்பேறியிருந்தால், ஒவ்வொன்றின் உள்ளும் ஒரு குளவிக் குஞ்சு வளர்கிறது. முதுகில் வட்டத் துளை இருந்தால் அது வெளியேறிவிட்டது. கருஞ்சாம்பல் உடலில் ஆரஞ்சுப் புள்ளிகளோடு குட்டி முதலையைப் போல ஊர்வது, அசுவினியைத் தின்னும் பொறிவண்டின் புழு. வண்டை அடையாளம் கண்டு மகிழ்பவர்களே இப்புழுவைத் தீங்கு செய்யும் பூச்சியென்று நசுக்குவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதைக்கும்.

அசுவினி மிகுந்துவிட்டால் அந்த இலையை மட்டும் கிள்ளி எறியுங்கள், அல்லது தண்ணீரைப் பீய்ச்சி உதிர்த்துவிடுங்கள். எறும்புச் சாரி இருக்கிறதா என்றும் பாருங்கள். அசுவினி சுரக்கும் இனிப்புநீருக்காக எறும்புகள் அதற்குக் காவல் நின்று பொறிவண்டை விரட்டும். எறும்பின் வழியை அடைக்காதவரை, எத்தனை பூ வைத்தாலும் பாதிப் பலன்தான் கிடைக்கும்.