டிராக்டர் டிரெய்லருக்கு டெயில் லைட் வயரிங்: எர்த்துக்கு தனி வயர் போட்டே ஆகோணும்

கரும்பு வெட்டு ஆரம்பிச்சா ராத்திரில சத்தி ரோட்டுல, கோபி பக்கமெல்லாம் டிரெய்லருங்க வரிசையா போகுமுங்க, நெறைய வண்டிக்கு பின்னால ஒரு செவப்பு லைட்டு கூட எரியாது, பைக்குல வர்றவனுக்கு கிட்ட வந்தப்பறந்தான் லோடே கண்ணுக்கு தெரியும். ஒரு உயிரு போறதுக்கு இது போதும். அதனால நாங்க வாங்குன பழைய டிரெய்லருக்கு வயரிங் மொத்தமும் நானே புதுசா இழுத்தேன், அதைத்தான் எழுதறேன்.

மொதல்ல டிராக்டரையும் டிரெய்லரையும் சேக்கற 7 பின் பிளக்கும் சாக்கெட்டும் வாங்கிக்கோங்க. பேட்டரி நெகட்டிவ்வ கழட்டி வெச்சிட்டு, ஒவ்வொரு பின்னுக்கு பக்கத்துலயும் பொடிசா இருக்கற நம்பரப் பாத்து மாட்டுங்க, எடத்தப் பாத்து மாட்டாதீங்க, முன்னால பாக்கறதுக்கும் பின்னால பாக்கறதுக்கும் எடம் வலம் மாறிரும். 1 எடது இண்டிகேட்டர் மஞ்ச வயர், 3 எர்த்து வெள்ளை, 4 வலது இண்டிகேட்டர் பச்சை, 5 வலது டெயில் லைட்டு பிரவுன், 6 பிரேக்கு செவப்பு, 7 எடது டெயில் லைட்டு கருப்பு. 2 நீலம், அத இப்போதைக்கு சும்மா உடுங்க.

இப்ப எர்த்து, அதாவது கரண்டு பேட்டரிக்கு திரும்பிப் போற வழி. இங்கதான் எல்லாருமே மாட்டிக்குவாங்க. கொக்கியும் ஆணியும் இரும்புதானே, அது வழியாவே எர்த்து வந்துரும்னு வெள்ளை வயர உட்டுருவாங்க. அங்க கிரீசு, துரு, மண்ணு, குலுங்கறப்ப ஒட்டியும் ஒட்டாமயும் இருக்கும். எங்க டிரெய்லர்ல பிரேக்க மிதிச்சா இண்டிகேட்டரும் டெயில் லைட்டும் சேந்து மங்கலா எரிஞ்சுதுங்க, காரணம் இதுதான், திரும்பிப் போக வழியில்லாம கரண்டு அடுத்த பல்புக்குள்ள பூந்து போகுது. வெள்ளை மட்டும் 2.5 ஸ்கொயர் எம்எம் வயரா போட்டு, ரெண்டு லைட்டுக்கும் நேரா கொண்டு போங்க. சேஸிஸ்ல ஒரு எடத்துல பெயிண்ட நல்லா சொரண்டி, லக்கு (வயர் முனைல மாட்டற ஓட்டை வெச்ச தகடு) வெச்சு போல்ட்டுல முடுக்கி, மேல கொஞ்சம் கிரீசு தடவி உட்டுருங்க.

செக் பண்ண மல்டிமீட்டர நம்பாதீங்க. வயர்ல ஒரே ஒரு இழை ஒட்டிட்டு இருந்தாக்கூட 12 வோல்ட்டு காட்டும். 12 வோல்ட்டு 21 வாட்ஸ் பல்பு ஒண்ணுல ரெண்டு வயர் வெச்சு கிளிப்பு போட்டுக்கோங்க, அது ஒண்ணே முக்கால் ஆம்பியர் இழுக்கும், ஜாயிண்ட்டு சரியில்லைனா அப்பவே மங்கிரும். என் டூல் பொட்டில மீட்டர விட இதுக்குத்தான் வேலை அதிகம்.

ஜாயிண்டுக்கு கருப்பு டேப்பு வேண்டாமுங்க, நம்ம வெயில்ல பசை உருகி உரிஞ்சுக்கும். சூடு காட்டுனா சுருங்கி இறுக்கிப் புடிக்கற ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்க. வயர் மொத்தத்தையும் பைப்புக்குள்ள உட்டு சேஸிஸோட கட்டிருங்க, சீசன் முடிஞ்சு நிக்கற டிரெய்லர்ல எலி கடிக்காம உடாது. கொக்கிகிட்ட மட்டும் கொஞ்சம் லூசா உட்டு, டிராக்டர எடதும் வலதும் முழுசா ஒடிச்சு திருப்பிப் பாத்துருங்க. லைட்ட கொஞ்சம் கீழயே மாட்டுங்க, இல்லீனா தோகை தொங்கி மறைச்சுக்கும்.

பின்னால சேத்தது: எல்ஈடி மாட்டுனா இண்டிகேட்டர் படபடன்னு அடிக்குதுன்னு சிலர் கேட்டிருந்தீங்க. எல்ஈடி கம்மி கரண்டு இழுக்கறதால இண்டிகேட்டர அணைச்சு அணைச்சு எரிய வெக்கற பழைய பிளாஷரு பல்பு போயிருச்சுன்னு நெனச்சுக்குது, எல்ஈடிக்கு ஏத்த எலக்ட்ரானிக் பிளாஷர் ரிலே ஒண்ணு மாத்துனா சரியாயிரும். பழைய டிராக்டர்ல சாக்கெட்டே இல்லீங்களேன்னு கேட்டவங்க, டிராக்டரோட டெயில் லைட்டு, பிரேக்கு, இண்டிகேட்டருக்கு வர்ற அந்தந்த வயர்லயிருந்தே எடுத்துக்கலாம், நடுவுல ஒரு பியூஸ் மட்டும் மறக்காம போட்டுருங்க.